மார்க் எடுத்தவர்கள்

எழுபதுகளின் நடுப்பகுதியில் மெல்பேர்னில், நோபல் பார்க்கில் வாடகைக்கு இருந்துகொண்டு, கார்களுக்குக் கதவுப்பிடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவன் இங்கே பிரஸ் மெசினுக்கு முன்னால் நின்றேன். அதைப் பற்றிப் புலம்பப் போவதில்லை. அந்த வயதில் புலம்பியதே போதும்.

சாப்பாட்டு அறையில் எப்போதும் கால்பந்துப் பேச்சுத்தான். எங்கள் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தை உதைத்து, கையாலும் பிடித்து, ஒருவன் தோளில் மற்றவன் ஏறி விழுகிற இந்த ஊர் ஆட்டம். கோடையில் ஆட்டம் இல்லை, ஆனால் சண்டை இரண்டு மடங்கு. வரும் சீசனுக்குப் பெரிய கழகங்கள் உள்ளூர்ப் பையன்களில் யார் யாரைச் சேர்க்கும் என்ற சண்டை. ஷிப்ட் விபரம் எழுதும் கரும்பலகையின் ஒரு மூலையைப் பிடித்து, முதலாவது இவன், இரண்டாவது அவன் என்று எழுதுவார்கள், அழிப்பார்கள், முகம் சிவக்கக் கத்துவார்கள். சம்பள உயர்வுக்குக்கூட அவர்கள் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை.

எத்தனை முறை அழித்தாலும் முதலாவது இடம் மாறாது. அது எங்கள் ஸ்டோர் பொறுப்பாளரின் மகனுக்கு. பள்ளிக்கூடத்தை அப்போதுதான் முடித்திருந்த நெடுவல் பையன். தகப்பன் அதிகம் பேசாத மனிதர். அந்த அறையில் எனக்குக் காலை வணக்கம் சொல்கிற ஒரே வெள்ளைக்காரர். மற்றவர்கள் தன் மகனுக்காகச் சண்டை பிடிக்கும்போது அவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பார். பலகையில் எழுதும் சோக்கைத் தொடவே மாட்டார். ஆசை அவ்வளவு இருந்தது என்று இப்போது விளங்குகிறது.

ஒருநாள் ஒருவர், அந்தப் பையன் போன சீசனின் கடைசி ஆட்டத்தில் பதினொரு மார்க் எடுத்தான் என்றார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“பதினொண்டுதானா? பாவம். திரும்ப ஒருக்கால் சோதினை எடுக்கலாம்தானே?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன்.

அறை வெடித்துச் சிரித்தது. என்னோடு வேலை செய்த இன்னொரு யாழ்ப்பாணத்தார், நான் அண்ணை என்று கூப்பிடுபவர், தலையில் கைவைத்தார்.

“என்ர மானத்தை வாங்காதையும் ஐசே. மார்க் எண்டா சோதினை மார்க் இல்லை. தூரத்திலயிருந்து உதைச்ச பந்தை நிலத்தில விழாமல் பிடிச்சா அது ஒரு மார்க்.”

“பிடிச்சா பிடிச்சதெண்டு சொல்லட்டுமன். ஏன் மார்க் எடுத்ததெண்டு சொல்லுறாங்கள்?”

மார்க் எடுப்பது என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தானே. அதற்காகத்தான் விடிய எழும்பினோம், அதற்காகத்தான் அடி வாங்கினோம். அன்றிலிருந்து, இன்றைக்கு எத்தனை மார்க் என்று கேட்காமல் ஒருவரும் என்னைக் கடந்து போகவில்லை. ஸ்டோர் பொறுப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை. நான் என்ன நினைத்தேன் என்று தனியாக விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

கோடை முடியும் நேரம் அந்தச் செய்தி வந்தது. அப்போது மெல்பேர்ன் முழுவதையும் கழகங்களுக்கு வலயம் வலயமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வீடு எந்த வலயத்திலோ, பையன் அந்தக் கழகத்துக்குச் சொந்தம். பொறுப்பாளரின் வீட்டு வாசலில் ஓடும் ரோட்டுத்தான் எல்லை. வீடு இருந்த இந்தப் பக்கத்துக் கழகத்தில் நெடுவல்கள் நிறையப் பேர்; அந்தப் பக்கத்துக் கழகம் நெடுவல் ஒருவனைத் தேடி அலைந்தது. இந்தப் பக்கத்தவர்கள் பையனைச் சேர்க்கவும் மாட்டோம், விடவும் மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

வலயம் என்றால் என்ன என்று அண்ணை எனக்கு விளக்க வந்தார். வேண்டாம் என்றேன். யாழ்ப்பாணத்தானுக்கு அதை விளக்க வேண்டுமா?

“ரோட்டைக் கடந்தா தேப்பன்ர தமக்கை வீடு. பெடியனை அங்க கொண்டுபோய் விட வேண்டியதுதானே!” என்று எல்லோரும் கத்தினார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் கத்தியது என் காதில் இப்படித்தான் விழுந்தது.

“அவன் என்ர வீட்டிலதான் இருக்கிறான்,” என்றார் பொறுப்பாளர். “பொய் விலாசம் குடுத்து என்ர மகன் விளையாட வேண்டாம்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அது என் அப்பாவின் வசனம். முந்தின வருடம் என் தங்கச்சி மருத்துவப் படிப்புக்குச் சோதனை எழுதினாள். தரப்படுத்தல் என்று சொல்லி, பல்கலைக்கழக இடங்களை மாவட்டக் கணக்கில் பங்கிட்டு, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளிடம் கூடுதல் மார்க் கேட்ட காலம். அவள் எடுத்த மார்க்குக்கு வேறு மாவட்டத்தில் என்றால் கூப்பிட்டு இடம் கொடுத்திருப்பார்கள். வவுனியாவிலிருக்கும் மாமா வீட்டு விலாசத்தில் எழுதட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். கள்ள விலாசத்தில் என் பிள்ளை டொக்டராக வேண்டாம் என்றார் அப்பா. தங்கச்சிக்கு இடம் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் நான் அவருக்கு நின்ற நிலையிலேயே சொன்னேன், கத்திச் சொன்னேன். “நேர்மையாம் நேர்மை! எல்லைக்கோட்டைக் கீறினவனுக்கு இல்லாத நேர்மை உங்களுக்கு என்னத்துக்கு?” பொறுப்பாளர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனார்.

அந்தக் கிழமையே மகன் ஒரு சூட்கேசோடு ரோட்டைக் கடந்து மாமி வீட்டுக்குப் போனான். ஆனால் கழகங்கள் கதவை மூடியாயிற்று. அங்கே குடியிருந்த காலம் போதாது என்றார்கள். யாரோ பலகையில் முதலாவது பெயரை அழித்தார்கள். இரண்டாவது முதலாவதாயிற்று. சண்டை தொடர்ந்தது.

குளிர் தொடங்கியபோது பையன் எனக்கு அடுத்த மெசினுக்கு வேலைக்கு வந்தான். முதல் நாள் மேற்பார்வையாளர் எண்ணெய்த்துணி ஒன்றைச் சுருட்டி அவனுக்கு எறிந்தார். அது தலைக்கு மேலே போயிற்று. அவன் எழும்பி இரண்டு கையாலும் அதைப் பிடித்து இறங்கினான். மெசின்காரர் எல்லோரும் பார்த்தோம், பிறகு குனிந்து எங்கள் வேலையைப் பார்த்தோம். எனக்கு அழுகை வந்தது.

வேலை முடிந்து போகும்போது, மழைக்கு ஒதுங்கிக் கூரைக்குக் கீழே நின்ற தகப்பன் என்னைக் கூப்பிட்டார்.

“உம்மட தங்கச்சி எத்தனை மார்க் எடுத்தவ?”

சொன்னேன். அவர் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னும் அதையே நினைச்சுக்கொண்டிருக்கிறாவோ?”

“ஓம்,” என்று ஒத்துக்கொண்டேன், என்னை அறியாமல் தமிழில்.

இந்த ஊர்க்காரர் ‘ஹோம்’ என்பதையும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் தலையாட்டினார். “வீட்டிலயோ?” என்றார். “சரி.”

நான் திருத்தவில்லை. அவள் வீட்டில்தான் இருந்தாள்.