ஏகாம்பரத்தின் இரண்டாம் பக்கம்

ஏகாம்பரம் இறந்த செய்தி எனக்கு ஒரு விளம்பரமாக வந்தது. காலையில் காபி குடித்துக்கொண்டே கைபேசியைத் திறந்தேன். கும்மிடிப்பூண்டியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவர் படம் இருந்தது, மலர் வளையத்துக்கு நடுவே. அதற்குக் கீழே, தன் பெயரோடு சேர்க்கக் கூடாது என்று அவர் மன்றாடிய அதே துப்பாக்கிப் பின்னின் படம். "திரும்பாத பின் தந்த செம்மல் மறைந்தார்" என்று எழுதியிருந்தார்கள். வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். அவற்றை அனுப்பியவர்களில் நீங்களும் இருந்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏகாம்பரம் காவல்துறை ஆயுதக் கிடங்கில் ரைபிள்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் ஆர்.கே.பேட்டை, குடியிருந்தது மீஞ்சூர். ஓய்வுக்குப் பிறகு எங்கள் நிறுவனத்தின் சோதனைக் கூடத்துக்கு வந்தார். உரிமம் பெற்றுத் துப்பாக்கி உதிரிபாகங்கள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனம் அது. சோதனை அறிக்கைகளை ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை. கணவர் போன பிறகு என்னைத் தாங்கியது அந்த வேலைதான். நான் எழுதிய ஒரு தாளும் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

அந்தப் பின் என்னவென்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அரைத் தானியங்கி ரைபிளில் டிரிக்கரும், அது விடுவிக்கும் சுத்தியும், துப்பாக்கியின் உடலைக் குறுக்கே துளைத்துச் செல்லும் இரண்டு மெல்லிய எஃகுப் பின்களில் தொங்குகின்றன. சுடும்போது அந்தப் பின்கள் துளைக்குள் சற்றே சுழலலாம். சுழன்று சுழன்று துளையைத் தேய்த்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். எனவே இரண்டு பின்களின் முனைகளையும் வெளிப்பக்கம் ஒரு சிறு தகட்டால் இணைத்து, திருகாணி போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். துப்பாக்கியோடு வருவதல்ல, வாங்கியவர் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்வது. எங்கள் நிறுவனமும் அப்படித் தகடோடு கூடிய பின் ஒன்றைப் புதிதாகச் செய்து, 'திரும்பாத பின்' என்று பெயரிட்டது. இதனால் உண்மையில் பயன் உண்டா என்று சோதித்துச் சொல்லும் பொறுப்பு ஏகாம்பரத்துக்கு வந்தது.

அன்று அவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"மேடம், வூட்ல நெயில் பாலிஷ் கீதா? செவப்பா இருந்தா தேவல."

"நான் அதெல்லாம் பூசறதில்ல ஏகாம்பரம்."

"நான் இன்னா உங்களுக்கா கேட்டேன். துப்பாக்கிக்கு."

மறுநாள் மீஞ்சூர் கடைவீதியில் நானே ஒரு சிவப்புச் சீசா வாங்கினேன். கடைக்காரப் பெண் என் நரைத்த தலையைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பூச்சைக் கொண்டு ஏகாம்பரம், பின்னின் முனையிலிருந்து துப்பாக்கியின் உடல்வரை மயிரிழை அகலத்தில் ஒரு கோடு இழுப்பார். சுட்ட பிறகு கோடு நேராக இருந்தால் பின் சுழலவில்லை, விலகியிருந்தால் சுழன்றது. ஆயுதக் கிடங்கில் அவர் கற்ற முறை. "இத்த படிக்கத் தெரியாத ஆளே கெடையாது மேடம். உங்க இங்கிலீஷ் மாதிரி இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி.

மூன்று ரைபிள்களில் நாள் கணக்காகச் சோதித்தார். முதலாவதில் வழக்கமான டிரிக்கர், வழக்கமான பின். கோடு சற்றே விலகியது. துளை துளியும் தேயவில்லை. உள்ளிருக்கும் சுருள்வில்லே பின்னைப் பிடித்துக்கொள்கிறது, அதற்குத் தகடு தேவையில்லை என்றார். இரண்டாவதில், சுத்தியோடு ஒரே சிறு பெட்டிக்குள் அடங்கி, முழுதாக வாங்கிப் பொருத்தும் டிரிக்கர். அதில் பின்னைப் பிடிக்க வில் இல்லாததால் சாதாரணப் பின் மெல்ல வெளியே நகர்ந்தது. தகடு போட்டதும் நின்றது. "இதுக்கு மட்டும் ஒத்துக்கிறேன்" என்றார்.

மூன்றாவது, ஏற்கெனவே துளை தேய்ந்த பழைய துப்பாக்கி. தகட்டோடு புதிய பின்னைப் போட்டுச் சுட்டதும் கோடு அசையாமல் இருந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஏகாம்பரம் மட்டும் டிரிக்கரை விரலால் ஆட்டிக் காட்டினார். அது முன்போலவே ஆடியது.

"துள பெருசாயி கீது. முன்ன கண்ணுக்குத் தெரிஞ்சிது. இப்ப மேல தகட்டப் போட்டு மூடிட்டீங்க. சுடறவன் நல்லா கீதுன்னு நெனச்சிக்கினு தூக்கினு போவான். இழுக்காமலே ஒரு நாள் வெடிக்கும். எதிர்ல எவன் நிப்பானோ."

இவை அனைத்தையும் அறிக்கையில் எழுதினேன். பள்ளியில் எனக்குக் கற்பித்த கன்னியாஸ்திரிகள் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள்: முடிவு முதலில், விதிவிலக்குகள் தனித் தாளில், ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்து. அதன்படி, "சோதித்த துப்பாக்கிகளில் புதிய பின் சுழலவில்லை" என்பது முதல் பக்கம். யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை, யாருக்கு ஆபத்து என்பது இரண்டாம் பக்கம். ஏகாம்பரம் ஒரு கைக்கு ஒரு தாளாக எடுத்துப் பிடித்தார்.

"ரெண்டையும் ஒண்ணா எழுதக் கூடாதா மேடம்? இந்த ரெண்டாவது தாளுக்குக் காலா கீது, மொதல் தாள் போற எடத்துக்கெல்லாம் கூடவே போவ?"

"அறிக்கைன்னா அதுக்கு ஒரு முறை இருக்கு ஏகாம்பரம். கையெழுத்துப் போடுங்க."

போட்டார். என்னை நம்பிப் போட்டார்.

முதல் தாள் மட்டும் விளம்பரக் கையேட்டில் அப்படியே அச்சாகி வந்தது, அடியில் அவர் கையெழுத்தோடு. மேலே கொட்டை எழுத்தில், எல்லா அரைத் தானியங்கி ரைபிள்களுக்கும் ஏற்றது என்று. நாங்கள் இருவரும் மேலாளரிடம் போனோம்.

"சார், பாதியப் போட்டுட்டு மீதிய வுட்டுட்டீங்க" என்றார் ஏகாம்பரம்.

"போட்டதுல பொய் ஒண்ணும் இல்லையே? நீங்க கையெழுத்துப் போட்டதுதானே?" என்றார் மேலாளர். "விளம்பரம்னா அப்படித்தான் சார் இருக்கும்."

"அப்ப எம் பேர எடுத்துடுங்க."

"அடுத்த தடவ அச்சடிக்கிறப்ப பாத்துக்கலாம். இப்ப நேரமில்ல."

அடுத்த தடவையும் அச்சடித்தார்கள். பெயர் அப்படியே இருந்தது. மறுநாள் முதல் ஏகாம்பரம் வேலைக்கு வரவில்லை. நான் போனேன். நான்கு கடிதங்கள் எழுதினேன், பிழையில்லாத கடிதங்கள். பதில் வராதபோதும் ஓய்வு பெறும் வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கோபத்தில் மேலாளருக்கு ஒரு பங்கு என்றால் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

செய்தி கண்ட அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். மேலாளர் நிறுவனத்தின் பெயர் எழுதிய பெரிய மாலையோடு வந்திருந்தார். ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரில கூட அவருக்கு அதே பேச்சுதான் மேடம். எம் பேரப் பாத்து எவனாவது வாங்கிப் போட்டுக்கினு செத்தான்னா இன்னா பண்றதுன்னு. நான் இன்னா பதில் சொல்ல முடியும், எனக்கு அந்தக் கருமம் இன்னான்னே தெரியாது."

மேலாளரிடம் போய், பெயரை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டேன்.

"இப்ப இதப் பேசற நேரமா மேடம்?"

"அவர் உயிரோட இருந்தப்பவும் நேரமில்லன்னுதான் சொன்னீங்க."

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அஞ்சலிக் கூட்டம் ஒன்று நடத்துவார்களாம். அந்தக் கையேட்டை அங்கேயும் கொடுப்பார்களாம். போகிறவர்கள் போங்கள். ஏகாம்பரம் சொன்னதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

துளை தேயாத, வழக்கமான டிரிக்கர் உள்ள ரைபிளுக்கு இந்தப் பின் ஓர் அலங்காரம். பெட்டி டிரிக்கர் பொருத்திய ரைபிளுக்கு உதவி. துளை தேய்ந்த ரைபிளுக்கு இது மருந்தல்ல, மறைப்பு. தகட்டைக் கழற்றித் துளையைப் பாருங்கள், தேய்ந்திருந்தால் அந்தத் துப்பாக்கியை எடுக்காதீர்கள்.

அவருடையதாக என்னிடம் இருப்பவை இரண்டு: அடியில் கொஞ்சம் பூச்சு உறைந்துபோன சிவப்புச் சீசாவும், அவர் கையெழுத்திட்ட இரண்டாம் தாளும். நேற்று உட்கார்ந்து அறிக்கையை முதலிலிருந்து திரும்ப எழுதினேன். முடிவும் விதிவிலக்கும் ஆபத்தும் இந்த முறை ஒரே தாளில், வெட்டி எடுக்க முடியாதபடி ஒரே பத்தியில். கன்னியாஸ்திரிகள் பார்த்தால் மதிப்பெண் குறைப்பார்கள். கையேடு போன வெளிநாட்டு முகவரிகள் எல்லாம் என் பழைய குறிப்பேட்டில் இருக்கின்றன. திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பேன். ஏகாம்பரம் கையெழுத்திட வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, அதற்குக் கீழே நான் கையெழுத்திட்டிருக்கிறேன்.