சுரை அக்காவும் ரோச்லைற் சிகரெட்டும்

லண்டனில், அப்டன் பார்க்கில் தோட்டுச் சுரையைத் தொலைத்த பெண்கள் கடைசியில் வந்து சேருகிற இடம் ஒன்றுதான். கோபாலகிருஷ்ணனின் நகைக்கடையில், கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால், ஜன்னலோரமாகக் கிடக்கும் பாலாம்பிகையின் மேசை. ஒரு தோடு காதிலும் மற்றது கையிலுமாக வருவார்கள். பின்பக்கம் திருகிப் பூட்டுகிற அந்தப் பயறளவு சுரை விமானத்திலோ, கலியாண மண்டபத்திலோ, குளியலறைக் குழாய்க்குள்ளோ போயிருக்கும். பாலாம்பிகை தோட்டின் தண்டை நகத்தால் ஒருதரம் தடவிப் பார்ப்பாள். "போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ," என்பாள். திரும்பி வரும்போது சுரை தயாராக இருக்கும். அவளைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் அந்தத் தெருவில் குறைவு. சுரை அக்கா என்றால்தான் தெரியும்.

அந்த வேலை அவளுக்கு மரியாதையாகக் கிடைத்ததல்ல. இருபத்திமூன்று வயதில் பாரிஸில் ஓர் ஆர்மேனியரின் பட்டறைக்குத் தரை கூட்டப் போனவள் அவள். பொன் வேலை செய்கிற இடத்தில் குப்பையிலும் பொன் இருக்கும். அதைச் சலிக்கப் பழகினாள். பிறகு அரம் பிடித்தாள், பிறகு நெருப்புப் பிடித்தாள். பதினொரு வருடம் கழித்து, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று கணவன் குலசேகரத்தோடு லண்டன் வந்தபோது, கோபாலகிருஷ்ணனின் கடையில் ஏற்கெனவே மூன்று ஆண் பத்தர்கள் இருந்தார்கள். "பொம்பள கையில ஆரத்தக் குடுத்து உருகிப்போச்சுன்னா?" என்று அவர்கள் கேட்டார்கள். யாரும் தொட விரும்பாத வேலை ஒன்று இருந்தது: கண் நோகிற, பெயர் கிடைக்காத சுரை வேலை. அதைத் தள்ளிவிட்டார்கள். பாலாம்பிகை அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் மேசையைப் போட்டாள். ஐந்து வருடத்தில் அந்தக் கடையைச் சுரையை வைத்தே ஊர் அடையாளம் சொல்லத் தொடங்கியது.

2009ஆம் ஆண்டு, தீபாவளிக்கு மூன்று நாள் இருந்த புதன்கிழமை மத்தியானம், அவளுடைய அண்ணன் வைத்தியநாதன் மோர்டனிலிருந்து ரெயில் மாறி ரெயில் ஏறி, நொண்டி நொண்டி வந்து சேர்ந்தார். கடையில் ஈ நுழைய இடமில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேசையடிக்கு வந்தவர், கோட்டுப் பையிலிருந்து கைலேஞ்சியில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தார்.

"உடைஞ்சு போச்சு பிள்ளை."

விரல் நீளத்தில் ஒரு சின்ன ரோச்லைற். பல்பு இருந்த இடத்தில் கறுப்பு ரேப்பும் வெள்ளிக் காகிதமும் சுற்றிய ஒரு குட்டிக் குழாய் சரிந்து கிடந்தது.

அது என்னவென்று அவளுக்குத் தெரியும். அண்ணனின் இடது காலில் இரத்தக்குழாய் அடைத்திருந்தது. ஐம்பது அடி நடந்தால் கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கும். முப்பது வருடப் புகை. போதாததற்கு அந்த வருடம் சித்திரை, வைகாசியில் ஊர்ப் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றச் சதுக்கத்தில் போய் நின்ற நாட்களில், நாளுக்கு ஒரு பெட்டி இரண்டு பெட்டியாயிற்று. செப்டம்பரில் சத்திரசிகிச்சை நிபுணர் நேரே சொல்லிவிட்டார். புகைத்துக்கொண்டிருப்பவனுக்கு மாற்று இரத்தக்குழாய் வைத்தால் அதுவும் அடைக்கும். விட்டுவிட்டு வா, மூச்சில் சிகரெட் புகையின் நச்சு இருந்தால் காட்டுகிற மெஷினில் ஊதிக் காட்டு, திகதி தருகிறேன். விடாவிட்டால் கால் போய்விடும்.

நிக்கொற்றின் சுவிங்கம் சரிவரவில்லை. தோளில் ஒட்டுகிற பிளாஸ்ரரும் சரிவரவில்லை. கடைசியில் கொம்பியூட்டரில் பார்த்து அண்ணன் தானே இதைச் செய்தார். ரோச்சுக்குள் பற்றரி, தலையில் நிக்கொற்றின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்குகிற குழாய். அதை அவர் அற்றொமைசர் என்றார். பொத்தானை அமத்தினால் ஆவி வரும், இழுக்கலாம்; எதுவும் எரிவதில்லை, அதனால் மெஷினுக்குப் பிடிபடாது. இழுத்து இழுத்துப் பத்தொன்பது நாள் சிகரெட் இல்லாமல் ஓட்டிவிட்டார். குழாயைத் தினமும் கழற்றிப் பூட்டியதில், ரோச்சுப் பக்கத்து மரை தேய்ந்து வழுக்கத் தொடங்கிவிட்டது.

"புதுசு ஓடர் பண்ணினனீங்களெல்லே?"

"சைனாவிலையிருந்து வந்திட்டுது. தபால் ஸ்ரைக்கிலை எந்தச் சாக்குக்குள்ளை கிடக்கோ. வெள்ளிக்கிழமை காலமை ஊதவேணும். ஒண்டு பத்தினாலும் மெஷின் காட்டிக் குடுத்திடும்."

"கடையிலை மரை வெட்டுற சாமான் வாங்கேலாதோ?"

"ஆறு கடை ஏறி இறங்கினன். ஏழு மில்லிமீற்றர் துவாரம், அரை மில்லிமீற்றர் புரி எண்டால் மணிக்கூடு திருத்திறியோ எண்டு கேக்கிறான்."

"மரை கழண்ட ஆள் எண்டு நினைச்சிருப்பான்."

"பகிடி விடாதை. இழுக்காமல் இருக்கேலாது."

பாலாம்பிகை சரிந்து கிடந்த குழாயை வாங்கி, திருகுப் பகுதியை நகத்தால் தடவினாள். தோட்டுத் தண்டைவிடப் பெரிது. மற்றும்படி அதே சங்கதி.

"எரிஞ்சு போன பழைய குழாய் ஏதும் வைச்சிருக்கிறியளோ?"

அவரிடம் எட்டு இருந்தன. அவை அடிக்கடி செத்துப்போகிற சாமான்.

கோபாலகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நாலு மணிக்கு அந்த ஆரத்துக்குப் பூட்டுச் சுரை வச்சுக் குடுக்கணும், ஞாபகம் இருக்கா?"

"சாப்பாட்டு நேரத்துக்குள்ளை முடிச்சிடுவன் அண்ணை."

அவள் மரை வெட்டவில்லை. சுரை செய்கிற முறையிலேயே செய்தாள். செத்த குழாயின் திருகில் பென்சில் கரியை நன்றாகப் பூசினாள். உலோகத்தை ஒட்டவைக்கிற பற்றாசு கரி பூசிய இடத்தில் பிடிக்காது. முடிபோன்ற பித்தளைக் கம்பியைத் திருகின் பள்ளத்திலேயே சுற்று விலகாமல் சுற்றினாள். ரோச்சின் தலைக்கு அளவாக ஒரு வெள்ளி வளையம் அடித்து அதன்மேல் இறக்கினாள். வெண்காரம் தடவி, வெள்ளிப் பற்றாசு வைத்து, வெளிப்பக்கத்தால் மட்டும் சுடர் காட்டினாள். கம்பி வளையத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆறியதும் குழாயைத் திருகிக் கழற்றினாள். வளையத்துக்குள் பளிச்சென்று ஒரு மரை நின்றது. எந்தத் திருகு உள்ளே போகவேண்டுமோ அந்தத் திருகின் அச்சிலேயே பிறந்த மரை.

வைத்தியநாதன் நல்ல குழாயை எடுத்துப் பூட்டினார். வெண்ணெயில் விரல் போவதுபோல் போயிற்று.

"எடி பிள்ளை!" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் பிழை விட்டாள். ரோச்சின் கழற்றிய தலையில் வளையத்தைப் பொருத்தினாள்; அதன் நடுவில், பற்றரியிலிருந்து வரும் ஒரு சின்ன ஆணி, சுற்றிவர இடைவெளியோடு ரேப்பில் தொங்கிக்கொண்டு நின்றது. பதினாறு வருடமாக இடைவெளியைக் கண்டால் அடைத்துப் பழகிய கை அது. நகையில் ஆடுகிற ஆணி என்றால் வேலைக்காரிக்கு வெட்கம். அண்ணன் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் பார்த்து, ரேப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆணியையும் வளையத்தையும் அழகாக ஒன்றாய்ப் பற்றவைத்தாள். தலையைப் பூட்டி, வந்தவர் கையில் கொடுத்தாள்.

அவர் பொத்தானை அமத்தினார். ஆவி வரவில்லை. இரண்டு செக்கனில் ரோச் கையைச் சுட்டது.

"கொதிக்குது! பற்றரி கொதிக்குது!"

கோட்டுக் கையால் பிடித்து, பின்கதவைத் திறந்து முற்றத்துச் சீமெந்தில் எறிந்தார். அது சீறி, நாற்றமெடுத்து அடங்கியது. ஆரம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வெளியேறிவிட்டார்கள்.

"பாம் கீம் செய்யறீங்களா இங்க?" என்று கோபாலகிருஷ்ணன் கத்தினார்.

"நடு ஆணி வளையத்திலை முட்டக்கூடாது பிள்ளை," என்றார் வைத்தியநாதன், மெல்லிய குரலில். "அந்த இடைவெளியாலைதான் இது வேலை செய்யிறது. நான் சொல்லியிருக்க வேணும்."

அவர் வெளியே போனார். பாலாம்பிகை ஜன்னலால் பார்த்தாள். தெருவின் மறுபக்கம், சிகரெட்டும் விற்கிற பத்திரிகைக் கடை வாசலில் அண்ணன் நின்றார். உள்ளே போகவில்லை; அந்த இடத்தை விட்டு அசையவும் இல்லை. அவள் குளிர்ச்சட்டையும் போடாமல் தெருவைக் கடந்து ஓடினாள்.

"இன்னொரு பற்றரி இருக்கெண்டனீங்கள்."

"இருக்கு."

"நாளைக்கு மத்தியானம் வாங்கோ. செய்து தாறன்."

"நாளை மத்தியானம் மட்டும் என்னாலை ஏலுமோ தெரியேல்லை."

"பேர்சைத் தாங்கோ," என்று அவள் சொல்ல முன்னமே அவர் அதை எடுத்து அவள் கையில் வைத்தார். ரெயிலுக்கான ஒயிஸ்ரர் கார்ட்டை மட்டும் வைத்துக்கொண்டார். "கேட்டாலும் தந்திடாதை," என்றார். "இரவு போன் பண்ணிக் கெஞ்சுவன். தந்திடாதை."

கெஞ்சினார்தான். அவள் போனைக் குலசேகரத்திடம் கொடுத்துவிட்டாள்.

வியாழன் காலை முழுவதும் அவள் கை தோட்டுச் சுரைகளிலும் மனம் அந்த இடைவெளியிலும் இருந்தது. இடைவெளி இருக்கவேண்டும், ஆணியும் ஆடக்கூடாது. உலோகமில்லாத, சூட்டுக்கு இளகாத ஒன்று வேண்டும். அரக்கு உருகும். பிளாஸ்ரிக்கும் உருகும். ஆட்கள் வேண்டாமென்று விட்டுப்போன உடைசல்களைப் போட்டுவைக்கும் மேசை லாச்சியைக் கிளறினாள். குழந்தைகளின் அரைஞாணில் கோக்கிற சங்குமணி ஒன்று அகப்பட்டது. குறட்டில் பிடித்துச் சுடருக்கு ஓரமாகக் காட்டினாள். இளகவில்லை, வெடிக்கவில்லை.

சாப்பாட்டு மணி அடித்ததும் வேலை தொடங்கியது. முற்றத்திலிருந்து எடுத்து வைத்த ரோச்சின் தலையில் நேற்றுத் தான் போட்ட பற்றை அறுத்து எடுத்தாள். சங்குமணியை வளையத்துக்குள் சிக்கென்று இருக்கும்வரை அராவினாள். அதன் துவாரத்தில் வெள்ளிக் கம்பியை ஏற்றி, மேலே சின்னக் குமிழாகத் தட்டினாள். வளைய விளிம்பில் இரண்டு பள்ளம் வைத்தாள்.

"அது என்னத்துக்கு?" என்று கேட்டார் வைத்தியநாதன். அன்றைக்கு அவர் பத்து மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

"இழுக்கிறதுக்குக் காத்து வரவேண்டாமோ?"

"கெட்டிக்காரி. சரி, கொண்டா."

"பொறுங்கோ, மினுக்கேல்லை."

"மினுக்கம் ஆருக்கு வேணும்? இருபத்திநாலு மணித்தியாலமாய் ஒண்டும் இல்லாமல் இருக்கிறன், தா!"

"என்ரை மேசையிலையிருந்து மினுக்காமல் ஒரு சாமான் வெளியிலை போனதில்லை."

முதலில் நைசான அரத்தாள், பிறகு தோல் சக்கரம், கடைசியில் துணிச் சக்கரம். அண்ணன் மேசையைத் தட்டிக்கொண்டேயிருந்தார். மூன்று ஆண் பத்தர்களும் தங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்து நின்றார்கள். அவர்களில் மூத்தவர் வளையத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். மரையைப் பார்த்தார், சங்கைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "எனக்கு வராது," என்றார்.

மற்றப் பற்றரியைப் போட்டு, இந்தமுறை அவளே முதலில் பொத்தானை அமத்தினாள். ரோச் குளிர்ந்தபடியே இருந்தது. உள்ளே எண்ணெயில் கடுகு போட்டதுபோல் மெல்லிய சத்தம். அண்ணனிடம் நீட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார், பிடித்தார், விட்டார். மேசை விளக்கின் வெளிச்சத்தில் வெள்ளை வெளேரென்று ஆவி எழும்பி, ஆரங்களின் மேலால் போயிற்று.

"மிட்டாய் வாசம் அடிக்குதே!" என்றார் கோபாலகிருஷ்ணன்.

வைத்தியநாதன் இன்னொருதரம் இழுத்தார்.

அடுத்த நாள் தீபாவளிக்கு முதல் நாள். கடையில் வருடத்தின் பெரிய வியாபாரம். ஐந்து வருடத்தில் ஒருநாளும் லீவு கேட்காத பாலாம்பிகை அரைநாள் லீவு கேட்டாள். கோபாலகிருஷ்ணன் வாயைத் திறந்தார்; மூத்த பத்தர், "நாங்க பாத்துக்கறோம், போகட்டும்," என்றார்.

ஆஸ்பத்திரியில் தாதி ஒரு சின்ன மெஷினைக் கொடுத்து, மூச்சை அடக்கி ஊதச் சொன்னாள். செப்டம்பரில் அதே மெஷின் முப்பத்தொன்று காட்டியிருந்தது. பத்துக்கு மேலே போனால் திகதி இல்லை. வைத்தியநாதன் நெற்றி நரம்பு புடைக்க ஊதினார். பாலாம்பிகை இலக்கத்தைப் பார்க்க மாட்டேனென்று சுவரைப் பார்த்து நின்றாள்.

"மூன்று," என்றாள் தாதி.

"எத்தினை?" பாலாம்பிகை திரும்பினாள்.

"மூண்டு, பிள்ளை. மூண்டு!"

நிபுணர் கோப்பைப் புரட்டி, நவம்பர் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்ததும் பாலாம்பிகை புறப்பட்டாள். அரைநாள் முடிய முன் கடைக்குப் போகவேண்டும். நீளமான நடைபாதையில் அவளுடைய சப்பாத்துச் சத்தம் முன்னால் போக, பின்னாலிருந்து குரல் வந்தது.

"மெல்லப் போடி! கால் இழுக்குது!"

அவள் நின்றாள். திரும்பி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்து அறைகளுக்கும் கேட்கச் சொன்னாள்:

"கால் இருக்குதெல்லே அண்ணை, நடவுங்கோ!"