பனையேறி இரை

மீன் கிடைப்பது அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். அதிர்ஷ்டமாவது மண்ணாங்கட்டியாவது. தண்ணீர் எப்படி இருக்கிறது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, இந்த மாதத்தில் மீன் எதைத் தின்னும் என்று எதையும் பார்க்காமல் தூண்டிலை வீசிவிட்டு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன கிடைக்கும்? அறுபதுகளில் செஞ்சியைச் சுற்றி நான் உட்காராத ஏரிக்கரை கிடையாது. பிழைப்புக்கு ஒரு மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்கினேன். முதலாளி மேல்சித்தாமூர்ப் பக்கத்து நயினார். மீன் வாசனையே ஆகாத சமணக் குடும்பம். நான் எவ்வளவுதான் தேய்த்துக் குளித்துவிட்டுப் போனாலும் அவர் மூக்கு கண்டுபிடித்துவிடும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாரே தவிர, ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.

என் கூட்டாளி என் மச்சான்தான், என் மனைவியின் தம்பி. அவனும் அதே மண்டியில் மூட்டை தூக்கியவன். வேலை இல்லாத நாளில் இரண்டு பேரும் கழியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். வழியெல்லாம் எனக்கும் அவனுக்கும் இரையைப் பற்றித்தான் சண்டை.

ஐப்பசி, கார்த்திகையில் சண்டைக்கே இடமில்லை. புதுத் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கும்போது மீனுக்குக் கண் தெரியாது, வாசனைதான். மண்புழுவைக் கோத்துப் போட்டால் கெளுத்தி வந்து விழுங்கும். மார்கழிக் குளிரில் வெயில் ஏறும்வரை எந்த மீனும் வாய் திறக்காது. அப்போது மண்டியில் சிந்திய கடலைப் புண்ணாக்கைக் கேழ்வரகு மாவோடு பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாகப் போட வேண்டும். கெண்டை மட்டும் வரும். மாசியில் தண்ணீர் தெளிந்துவிடும், நம் நிழல் விழுந்தாலே மீன் ஓடிவிடும், அதனால் தள்ளி உட்கார்ந்து வெட்டுக்கிளியை வீச வேண்டும். சித்திரை வந்துவிட்டால் இது எதுவும் செல்லாது. கரை காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எவ்வளவு தோண்டினாலும் ஒரு புழு கிடைக்காது. மிச்சத் தண்ணீர் மதகடிப் பள்ளத்தில் சூடேறிக் கிடக்கும். அதற்குள் விரால் மட்டும் அடியில் படுத்திருக்கும். அதற்கு உயிருள்ள இரைதான் வேண்டும், துடிக்காததை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

உயிர் இரை என்றால் நான் கெண்டைக் குஞ்சைச் சொல்வேன். மச்சான் பனையேறியைச் சொல்வான். விரல் நீளத்துக்கு இருக்கும் கறுத்த மீன் அது. செவுள் மூடியின் ஓரமெல்லாம் முள். முதுகிலும் முள். தரையில் போட்டால் அந்தச் செவுளை ஊன்றியே நகர்ந்து போய்விடும்.

“கெண்டக் குஞ்ச மாட்டுனா கொஞ்ச நேரத்துல செத்துப்பூடும் மாமா. பனையேறி சாயந்தரம் வரிக்கும் ஆடிக்கினே இருக்கும்” என்பான்.

அவன் சொன்னது சரிதான். அதை அப்போதே ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரிகள் பாதிகூட நிரம்பவில்லை. ரேஷன் கடையில் அரிசி வந்தால் உண்டு, வராவிட்டால் கேழ்வரகுக் கூழ்தான். பங்குனிக் கடைசியில் என் மனைவிக்கு அவள் அம்மா வீட்டில் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. இதற்கு முன் பிறந்தது ஒரு மாதம்கூடத் தங்காமல் போய்விட்டது. அதற்கும் பால் பற்றவில்லை. இப்போது இதற்கும் அதே கதை. குழந்தை சப்பிச் சப்பிப் பார்க்கும், பிறகு வீறிட்டு அழும், அழுது களைத்துத் தூங்கும், மறுபடி எழுந்து அழும். அந்த அழுகையின் சத்தம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. அழுகை குறைந்தால் சந்தோஷப்படவா முடியும்?

பிரசவம் பார்த்த அம்மாள் வந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். விரால் மீனைப் பூண்டு போட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தால் பால் ஊறும், நாள் கடத்தாதீர்கள் என்றாள். சந்தையில் விரால் வரவில்லை. ஏரிகளை எல்லாம் ஏலம் எடுத்தவர்கள் வலை போட்டு அரித்து, விழுப்புரம் பக்கம் அனுப்பிவிட்டார்கள். தொண்டூர் போகிற வழியில் இருந்த ஒரு ஏரியின் மதகடிப் பள்ளத்தில் மட்டும் இன்னும் வலை இறங்கவில்லை என்று மச்சான் கேள்விப்பட்டு வந்தான். ஆனால் அங்கே தூண்டில் போடக் கூடாது. குத்தகைக்காரர் காவலுக்கு ஆள் வைத்திருந்தார்.

“உச்சிப் பொழுதுல அவன் சாப்புட ஊட்டுக்குப் போவான். அந்த நேரம் போதும்” என்றான் மச்சான்.

அவன் அக்காவிடம் போய், இன்றைக்குக் குழம்புக்கு மசாலா அரைத்து வைக்கச் சொன்னான். அவள் சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரே சைக்கிளில் போனோம். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறையிலிருந்து அனல் வந்து முகத்தில் அடித்தது. வழியில் ஒரு குட்டையில் பனையேறிகளைப் பிடித்துச் சட்டியில் போட்டுக்கொண்டான். நாங்கள் போனபோது காவல்காரர் கரையில் இல்லை. ஏரி முழுக்கக் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. மதகுக்குப் பக்கத்தில் மட்டும் பச்சையாக ஒரு பள்ளம். கரையிலிருந்து வீசினால் தூண்டில் ஆழத்துக்கு எட்டாது. நான் கரையில் நின்று ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். அவன் இரண்டு கழியோடு மார்பளவு தண்ணீரில் இறங்கினான்.

முதல் கழியில் கரையிலேயே இரை மாட்டி எடுத்துப் போயிருந்தான். அதைச் சேற்றில் ஊன்றிவிட்டு இரண்டாவது கழியைக் கையில் எடுத்தான். அதற்கான பனையேறியைப் பல்லில் கவ்விக்கொண்டிருந்தான். இதைக் கேட்டால் பட்டணத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஏரியில் இறங்குகிற எவனைக் கேட்டாலும் தெரியும். தண்ணீருக்குள் நிற்கிறவனுக்கு ஒரு கை கழிக்கு, ஒரு கை தூண்டில் நரம்புக்கும் கொக்கி முள்ளுக்கும். சட்டி கரையில் இருக்கிறது. வழுக்குகிற மீனை எங்கே வைப்பது? வாயில்தான். அவன் அப்பா அப்படித்தான் செய்தார். நானும் அப்படித்தான் செய்வேன். சின்னப் பிள்ளைகள்கூடச் செய்யும். யாரும் யாரையும் தடுத்ததில்லை.

அவன் குனிந்து நரம்புச் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தான். அப்போது ஊன்றியிருந்த கழியின் தக்கை சடக்கென்று உள்ளே போனது. கழியே வளைந்தது. அவன் அதைப் பார்த்தான். என்னைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

“மா...” என்றுதான் கேட்டது.

பனையேறி தலை முன்னதாக அவன் தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

நான் குதித்துப் போய் அவனை இழுத்துக் கரையில் போட்டேன். வால் நுனி மட்டும் உள்ளே தெரிந்தது. விரலை விட்டுப் பிடித்து இழுத்தேன். அந்த மீன் எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகத் திரும்பாது. இழுக்க இழுக்கச் செவுள் குடை மாதிரி விரிந்து முள் சதையில் ஏறியது. ரத்தம் வந்தது. முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தினேன். அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். கண்கள் என்னையே பார்த்தன. கடவுளே கடவுளே என்று கத்தினேன்.

என் சத்தம் கேட்டுக் காவல்காரர் தடியோடு ஓடிவந்தார். பார்த்ததும் தடியைப் போட்டுவிட்டார். அவரும் நானுமாக மச்சானைச் சைக்கிளில் உட்கார வைத்து, அவர் ஒரு பக்கம் அணைத்துப் பிடித்துக்கொள்ள, நான் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஏரிக்கரை முடிந்து ரோடு வருவதற்குள் என் சட்டையைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் தள்ளிக்கொண்டு ஓடினேன். அந்தத் தக்கையை இழுத்தது விராலா, வேறு மீனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கழுத்தில் கீறி மீனை எடுத்தார். பீங்கான் தட்டில் வைத்தார்கள். அது செவுளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரத்துக்குப் பிறகும் அதற்கு உயிர் இருந்தது, அவனுக்கு இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தட்டிவிட்டு அதைக் காலால் நசுக்கினேன். யாரோ என்னைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். எல்லாம் விதி என்று ஒருவர் சொன்னார். அவரையும் அடிக்கப் போனேன்.

போலீஸ்காரர் வந்து கேட்டு எழுதிக்கொண்டு, உடலைக் கொண்டுபோகலாம் என்று சொல்லும்போது வெயில் சாய்ந்துவிட்டது. காவல்காரர்தான் போய் மாட்டுவண்டி பிடித்து வந்தார். வண்டி மெதுவாக வரட்டும், நான் முன்னால் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று ஓடினேன். எப்படிச் சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

வாசலில் மாமியார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். புருஷனை இழந்தவள், அவளுக்கு இருந்தது அந்த ஒரே மகன். என் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் யாரும் வராததையும் பார்த்தாள்.

“எம்புள்ள எங்க?” என்றாள்.

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் மடியிலிருந்த பூண்டெல்லாம் கீழே கொட்டியது. வாய் திறந்தது, ஆனால் சத்தம் வருவதற்குள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். உள்ளே என் மனைவியின் குரல் கேட்டது.

“இன்னாம்மா, வந்துட்டாங்களா? தம்பிக்கு கெடச்சிதா?”

மாமியார் முந்தானையை வெளியே எடுத்தாள். “வரான்டி. நீ புள்ளயப் பாரு” என்றாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தெருவுக்குக் கொண்டுவந்தாள். அந்தப் பிடி இரும்பாக இருந்தது.

“இப்பத்தான் கொழந்தய மார்ல போட்டுருக்கா. காலைலருந்து இப்பத்தான் வாய் வெச்சி குடிக்குது. துக்கம் காதுல வுழுந்தா பாலு ஆகாது, புள்ளைக்குக் குடுக்க வுடமாட்டாங்க. நீ போயி வண்டிய தெரு மொனையிலேயே நிறுத்து. அது குடிச்சி முடிக்கட்டும்.”

அவள் சொன்னது எங்கள் பக்கத்து வழக்கம்தான். சாவுச் செய்தி கேட்ட தாயின் பால் கெட்டுவிடும் என்று அன்றைக்குக் குழந்தையை அவளிடம் விடமாட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் அது அவளுக்கு எப்படி நினைவுக்கு வந்தது என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். அன்றோடு என் மனைவிக்குப் பால் சுத்தமாக நின்றுபோனது. மண்டி முதலாளி தன் வீட்டுப் பசும்பாலைக் காலையும் மாலையும் அனுப்பினார், குழந்தை அதில்தான் பிழைத்தது. அது அப்புறம் நடந்தது. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. மகனை இழந்த அந்தத் தாய்க்குத் தெரிந்ததெல்லாம், உள்ளே ஒரு குழந்தை குடித்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும்தான்.

தெரு முனைக்கு ஓடிப்போய் வண்டியை நிறுத்தினேன். வண்டிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. வழியில் வண்டியோடு சேர்ந்து வந்த ஊர்க்காரர்கள் அழ ஆரம்பித்தார்கள், கையெடுத்துக் கும்பிட்டு அவர்களை அடக்கினேன். மாடுகள் தலையை ஆட்டினால் மணி ஒலிக்கிறது என்று காவல்காரர் அவற்றின் கழுத்து மணியைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். வைக்கோல்மேல் மச்சான் கிடந்தான். நாங்கள் எல்லோரும் அந்த வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெகுநேரம் கழித்து அங்கிருந்து மாமியார் அலறுகிற சத்தம் கேட்டது. வண்டியை ஓட்டச் சொன்னேன்.