மீன்பிடி லைசென்ஸோடு வாக்களிக்கப் போனவன்

என் தம்பிக்கு இந்த நாட்டில் தற்காலிக விசாதான். அதை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், வரி கட்டலாம். வாக்களிக்க முடியாது. ஊரிலும் அவன் வாக்களித்ததில்லை. அந்த வயது வந்தபோது சண்டை, பிறகு முகாம், பிறகு படகு. சாவதற்குள் ஒருமுறையாவது வாக்குப் போட்டுவிட வேண்டும் என்பது அவன் ஆசை. குடியுரிமை உள்ள எனக்கோ தேர்தல் என்றாலே எரிச்சல். வாக்குப் போடாவிட்டால் இங்கே அபராதம், அதற்குப் பயந்து போகிறவள் நான்.

ஞாயிறுகளில் அவன் கடற்பாலத்தில் தூண்டில் போடுவான். அதற்கான லைசென்ஸை ஒரு வருடமும் தவறாமல் புதுப்பிப்பான். இந்த அரசாங்கம் குறுக்குக் கேள்வி கேட்காமல் தனக்குத் தந்தது அது ஒன்றுதான் என்பான்.

ஒருநாள் வானொலியில் ஒரு செய்தி. அமெரிக்காவில் எங்கோ, மீன்பிடி லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கிறவர்களை அப்படியே வாக்காளராகவும் பதியப் பேசுகிறார்களாம். அவன் பாதியிலிருந்துதான் கேட்டான்.

"அது இஞ்சை இல்லையடா. அங்கையும் சிட்டிசனுக்குத்தான்" என்றேன்.

"இஞ்சையும் வந்திருக்கும் அக்கா. வருசா வருசம் பேரும் விலாசமும் குடுக்கிறன்தானே."

நம்ப ஆசைப்பட்டவனிடம் யார் பேசி வெல்வது?

தேர்தலன்று ஸ்பிரிங்வேல் பள்ளிக்கூடத்துக்கு மடிப்புக் கலையாத சட்டையில் என்னோடு வந்தான். வெளியே நிற்பான் என்று நினைத்தேன். உள்ளே வந்து பக்கத்து மேசையில் மீன்பிடி லைசென்ஸை நீட்டினான். இங்கே அட்டை எதுவும் கேட்பதில்லை, பெயரும் விலாசமும் சொன்னால் போதும். ஊரில் எங்கே போனாலும் அட்டை காட்டிய பழக்கம், வெறுங்கையோடு போக அவனுக்கு மனம் வரவில்லை. வாகன லைசென்ஸ் பையில் இருக்க, இதைத்தான் எடுத்திருக்கிறான்.

மேசையில் இருந்த பெண் நல்லவள். எழுத்துக் கூட்டச் சொல்லித் திரும்பத் திரும்பத் தேடினாள். வரிசையே பார்த்துக்கொண்டிருந்தது. இல்லை என்று அவள் மெதுவாகச் சொன்னபோது இவன்தான் 'சொறி' சொன்னான். ஏன்டா நீ மன்னிப்புக் கேட்கிறாய் என்று அங்கேயே கத்தியிருப்பேன்.

காரில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்.

"ஆருக்கடா போட இருந்தனீ?"

"அதைச் சொல்லக்கூடாது அக்கா" என்றான்.

அந்தக் குளிர்காலமே மாரடைப்பில் போய்விட்டான்.

அடுத்த தேர்தலில் வாக்குப் போடும் தடுப்புக்குள் பென்சிலோடு வெகுநேரம் நின்றேன். என் வாக்கை அவனுக்காகப் போட்டுவிடலாம் என்றுதான் போயிருந்தேன். யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை.