மேல் சட்ஜமம் என் பங்குக்கு வந்தது

யாராவது என் வாசிப்பைப் புகழ ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பாட்டை நிறுத்திப்போட்டு, மேல போற இடத்துல பிடிலை அழ உடுவீங்களே, அது உங்க முத்திரைங்க" என்பார்கள். முத்திரையாம். என் வீட்டில் விழுந்த இடிக்கு ஊர் வைத்த பெயர் அது.

எழுபதுகளில் நான் வாசிக்காத மேடை கிடையாது. காலையில் கோயில் கச்சேரிக்குப் பக்கவாத்தியம், சாயங்காலம் மெல்லிசைக் குழு, நடுவில் நாடகக்காரர்கள் கூப்பிட்டால் அதற்கும் ஓட்டம். நாமகிரிப்பேட்டையில் நெற்றி நிறையத் திருநீறோடு கீர்த்தனை வாசித்துவிட்டு, அதே வேட்டியோடு ஆட்டையாம்பட்டி போய் சினிமா டூயட்டுக்கு வாசித்திருக்கிறேன். இரண்டு பக்கத்து ஆட்களும் என்னைத் திட்டினார்கள். போங்கடா என்று இருந்தேன். மெல்லிசைக் குழுவில் பாட வந்தவள்தான் எனக்கு மனைவி ஆனாள். அவள் சுருதி அஞ்சரைக் கட்டை. மேல் சட்ஜமத்தில், அந்த உச்சியில் போய் நின்றாலும் முகம் சுளிக்க மாட்டாள். அவள் பாட வேண்டும் என்றுதான் நான் மெட்டுப் போடவே ஆரம்பித்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒத்திகை ஒன்றில், "ஏனுங்க, இன்னைக்கு அஞ்சு கட்டை வெச்சுக்கலாமுங்களா? தொண்டை கரகரங்குது" என்றாள். பிடிலின் பிருடையைத் திருகித் தந்தியை அரைக் கட்டை இறக்கினேன். சளிதான் என்று நினைத்தோம். சுக்குக் கஷாயம், மிளகுப் பால் எல்லாம் ஆயிற்று. தை போய்ப் பங்குனி வந்தபோது அஞ்சு நாலரை ஆனது.

நாமக்கல்லில் ஒரு லாரி முதலாளி வீட்டுக் கல்யாணம். பாட்டெல்லாம் ரிக்கார்டில் கேட்ட மாதிரி இல்லையே என்று அவர் மேடைக்குப் பின்னால் வந்து கேட்டார். "ஊட்டுக்காரம்மாவுக்குக் கட்டை இறங்கிப்போச்சுங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படீங்களா! எந்த டிப்போவுலீங்க இறக்குனாங்க? தேக்குங்களா, வேம்புங்களா?" மர லோடு என்று நினைத்துவிட்டார், மகராசன். அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்தும் அடங்காமல் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி. அந்தச் சிரிப்பும் இருமலில் போய் முடிந்தது.

சுருதியை எவ்வளவுதான் இறக்குவது? ஓர் அளவுக்குக் கீழே போனால் பாட்டு பாட்டாக இருக்காது. அதனால் மெட்டில் கை வைத்தேன். குரல் மேலே ஏற வேண்டிய இடம் வந்ததும் அவள் வாயை மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அந்த அடியை நான் பிடிலில் எடுத்துக்கொள்வேன். அவளால் மேலே ஏற முடியவில்லை என்று குழுவில்கூட யாருக்கும் தெரியாது. கூட்டம் கை தட்டியது. ஆத்தூரில் ஒருவர் மேடையேறி, "என்னா சார், பிடிலு பேசுதே!" என்று எனக்குத் துண்டு போர்த்தினார். பக்கத்தில் நின்று அவளும் கை தட்டினாள். அந்தத் துண்டைக் கிழித்து எறியலாம் போல இருந்தது எனக்கு.

அந்த வாசிப்பைக் கேட்டுத்தான் சேலத்தில் பக்திப் பாட்டுக் கேசட் ஒன்றுக்கு இசையமைக்கக் கூப்பிட்டார்கள். எத்தனையோ வருஷம் ஏங்கிய வாய்ப்பு. என் மனைவிதான் பாடுவாள் என்று சொல்லிவிட்டே ஒப்புக்கொண்டேன். எல்லாப் பாட்டிலும் உச்சி என்னுடையது, மிச்சம் அவளுடையது. எப்படியாவது அவள் குரல் ஒரு நாடாவில் ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

ஏறவில்லை. ஒலிப்பதிவுக்கு முன்னாலேயே டாக்டர் சொல்லிவிட்டார், தொண்டையில் புற்று, குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும்போது, "மெட்டை வீணாக்கிப்போடாதீங்க. வேற புள்ளையப் பாட வையுங்க" என்றாள், காற்றாக. "நீ வந்து பாடு" என்றேன். "வாரேனுங்க" என்றாள்.

வந்தாள். உயிர் தங்கியது. குரல் போயிற்று.

ஒத்திகையை எங்கள் வீட்டிலேயே வைத்தேன். பாட வந்த பெண்ணுக்கு நல்ல சாரீரம். மெட்டைச் சொல்லிக்கொடுத்தபோது, "இந்த எடத்துல பிடில் வேண்டாமுங்களே, நானே பாடிருவேனுங்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? தலையாட்டிவிட்டு வில்லை மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் பாடினாள். கழுத்தைச் சுற்றித் துணியோடு என் மனைவி எதிரே உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துக் கூடவே பாடிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. மேலே ஏறும் இடம் வந்தது. அந்தப் பெண் அனாயாசமாக ஏறிப் போனாள். என் மனைவி வாயை மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.