மைனிக்குக் கொடுத்த பத்து மாத்திரைகள்

காலையில் எழுந்தால் ஜாக்கெட் கொக்கியைக்கூட மாட்ட முடியாது. விரல்கள் வீங்கி விறைத்துக் கிடக்கும். முடக்குவாதம் என்றார் நாகர்கோவில் டாக்டர். நோய்க்கு ஒரு மாத்திரை, வீக்கத்துக்கும் வலிக்கும் ஒன்று, வயிற்றைக் காக்க இன்னொன்று. நாலாம் நாள் நானே உட்கார்ந்து தேங்காய் துருவினேன்.

அந்த வாரம்தான் கருங்கல்லிலிருந்து மைனி வந்திருந்தாள். என் அண்ணன் மனைவி. தாயில்லாத எனக்குத் தலை பின்னிவிட்டுக் காலேஜுக்கு அனுப்பியவள். முட்டு தேய்ந்துபோய், எங்கள் வீட்டு நாலு படி ஏற நாலு தடவை கர்த்தரைக் கூப்பிட்டாள். எனக்கு மனம் கேட்கவில்லை. வலி மாத்திரையில் பத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் பிரஷருக்கு மருந்து சாப்பிடுகிறவள் என்பது அப்போது உறைக்கவில்லை.

அவள் ஊர் திரும்பிய மூன்றாம் நாள் போன் வந்தது.

“ஏட்டி, வலி போன எடம் தெரியல்ல. சர்ச்சில முட்டுபோட்டு ஜெபிச்சேன், கேட்டியா!”

பத்தும் தீர்ந்ததும் காலி அட்டையைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கியிருக்கிறாள். ஒரு மாதம் கழித்து நான் கருங்கல்லுக்குப் போனபோது, செருப்பு நுழையாத அளவுக்குக் கால் வீங்கியிருந்தது. முகமும் உப்பியிருந்தது. உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பிரஷர் எகிறியிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிட்னியும் சுணங்கியிருந்தது.

“இந்த மாத்திரைய யாரு சொல்லிச் சாப்பிட்டீங்க?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“நானாத்தான் கடையில வாங்கினேன்” என்றாள் மைனி, என் பக்கம் திரும்பாமல்.

“இல்ல டாக்டர். மொதல்ல நான்தான் குடுத்தேன்.”

டாக்டரம்மா பேனாவை மூடினார். “உங்களுக்கு இது நல்லா கேட்டிருக்கலாம். இவங்க பிரஷர் மாத்திரையோட இதையும் சேர்த்தா கிட்னி தாங்காது. சீக்கிரம் வந்தீங்க, நல்லதாப் போச்சு.”

வராந்தாவுக்கு வந்ததும் மைனி என் கையைக் கிள்ளினாள். “நீ எதுக்குட்டி சொன்ன? ஏச்சு வாங்க நான் ஒருத்தி போதாதா?”

நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

அந்த மாத்திரையை நிறுத்திய பிறகு வீக்கம் வடிந்தது. சில வாரங்களில் கிட்னியும் தேறியது. முட்டுவலி முழுக்கப் போகவில்லை. இப்போது டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பும், தினமும் கால் தூக்கும் பயிற்சியும்தான். அதற்காகப் பழைய நைட்டித் துணியில் மணல் பை தைத்துக் கணுக்காலில் கட்டிக்கொள்கிறாள்.

போன ஞாயிறு எனக்கும் ஒன்று தைத்துக் கொண்டுவந்தாள்.

“எனக்கு நோவு விரல்லதானே மைனி?”

“அதுக்கென்ன மக்கா? நான் மட்டும் காலத் தூக்கிட்டு இருந்தா எனக்குச் சிரிப்பு வருது. நீயும் கெட்டு.”

கட்டிக்கொண்டேன்.