முன்வரிசைத் தொப்பி

ஸ்ட்ரெதம் கடைத்தெருவில் மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு தமிழ்த் தையல் கடை. உள்ளே டிவியில் பழைய பிரிட்டிஷ் அரச கல்யாணம் ஒன்றை மறுபடி காட்டுகிறார்கள். அதன் முன்னால் ஆறேழு யாழ்ப்பாணத்துப் பெண்கள், அந்தக் கல்யாண விருந்தாளிகளின் தொப்பிகளைப் பார்த்துத் தாங்களே தைத்த தொப்பிகளை அணிந்து விறைப்பாக அமர்ந்திருக்கிறார்கள். முன்வரிசை நாற்காலி ஒன்றில் ஆளில்லை. மயில்நீலத்தில், இறகு வைத்த தொப்பி மட்டும் இருக்கிறது. சென்னையிலிருந்து வந்த என் வழுக்கைக்கு இதைவிட என்ன வேண்டும்? மாட்டிக்கொண்டு உட்கார்கிறேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"எழும்புங்கோ தம்பி. அது எங்கட அக்கான்ர இடம்" என்கிறார் கடைக்கார அம்மா.

"அவங்க வரட்டும், எழுந்துடறேன்."

"அவ போன வின்டருக்குச் செத்துப்போனா."

தொப்பியைக் கழற்றுகிறேன். உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறது. என் தலைச்சூடுதான் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

"புருசன் இல்லையெண்டு எங்கட ஆக்களின்ர கலியாணங்களில அவவைப் பின்னுக்கே இருத்தினவை. இந்த டிவிக் கலியாணத்துக்குத்தான் இதில முன்னுக்கு இருந்தவ. இனியும் ஒருத்தரும் அவவைப் பின்னுக்குத் தள்ள ஏலாது."

தொப்பியைப் பணிவாக வைத்துவிட்டுப் பின்வரிசைக்குப் போகிறேன். திரையில் மணமகள் தேவாலயத்துக்குள் நடந்து வருகிறாள். கடைக் கதவு சாத்தியிருக்கிறது, மின்விசிறியும் இல்லை. ஆனாலும் அந்த இறகுகள் அவள் நடக்கும் பக்கமாக மெல்லத் திரும்புகின்றன.

"கொஞ்சம் சரியும், சாந்தி. உம்மட தொப்பி அக்காவுக்கு மறைக்குது" என்கிறார் கடைக்கார அம்மா.

சாந்தி சரிகிறார். மாவீரனான நான் நாற்காலியோடு இன்னும் ஒரு முழம் பின்னால் நகர்கிறேன்.